படகிலிருந்து டீசலை இறக்கிய கதை

1913 செப்டம்பர் 29 அன்று மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து போகிற 'டிரெஸ்டன்' கப்பலில் ருடால்ஃப் டீசல் ஏறினார். இரவுச் சாப்பாடு முடிந்தது. காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. அதன் சட்டைப்பையில் இருந்த பொருட்களைப் பார்த்துத்தான் டீசலின் மகன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த மர்மத்தைவிட இன்னொரு சின்ன விவரம்தான் மனதில் தங்கிவிட்டது. அந்தக் கப்பல் ஓடியது நீராவியில். உலகத்தின் கப்பல்களையும் படகுகளையும் பிடிக்கப்போகிற எஞ்சினைக் கண்டுபிடித்தவர், அந்த எஞ்சின் இல்லாத ஒரு கப்பலிலிருந்து காணாமல் போனார்.

அதற்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். ராமேஸ்வரத்து விசைப்படகிலிருந்து ஆலப்புழைப் பயணிப் படகுவரை எல்லாவற்றிலும் டீசல் ஏறி உட்கார்ந்தது. இப்போது மெல்ல அதை இறக்கி வைக்கிற காலம் தொடங்கியிருக்கிறது. இந்தியாவில் அதன் தெளிவான முதல் உதாரணம் கேரளத்தின் வைக்கத்தில் இருக்கிறது. 2017 ஜனவரியில் அங்கே ஒரு டீசல் படகின் இடத்தில் 'ஆதித்யா' என்ற சூரிய ஒளிப் படகு ஓடத் தொடங்கியது.

நான் எழுதுவது கூடலூர் பக்கத்து ஸ்ரீமதுரையிலிருந்து. எங்கள் ஊருக்கும் படகுக்கும் சம்பந்தம் கிடையாது. நீலகிரியில் படகு என்றால் ஊட்டி ஏரி, பைக்காரா, சுற்றுலா வந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் இது தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற பக்கம். வயநாட்டின் தென்கிழக்குத் துண்டாக இருந்த இந்தப் பகுதியை நீலகிரி மாவட்டத்தோடு ஒட்ட வைத்ததே 1877இல்தான். அதனால் கேரளத்துப் படகுச் செய்தி எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி. தவிர, நான் வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது மென்பொருள் வேலை. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை நிறுத்தாமல் அதன் உள்ளுறுப்பை மாற்றுவது எப்படி என்பது எங்கள் தொழிலின் நித்தியக் கேள்வி. வைக்கத்தில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக இருந்தது.

*

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். படகில் மின்சாரம் என்பது புதுசு இல்லை. டீசல் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே, 1838இல், மொரிட்ஸ் யாக்கோபி ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்மோட்டார் வைத்த படகு ஒன்றை ஓட்டிக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். கரையில் நடக்கிறவர் அதை முந்திவிடலாம், அப்படி ஒரு வேகம். ஆனாலும் ஓடியது.

1881இல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே ஸேன் நதியில் ஒரு சிறு படகை மின்சாரத்தில் ஓட்டினார். மோட்டாரைப் படகுக்குள் பதிக்காமல் பின்பக்கச் சுக்கானோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார். வேண்டுமென்றால் கழற்றிக்கொண்டு போகலாம். நம் கடற்கரைகளில் இன்று 'அவுட்போர்டு' என்று சொல்கிறார்களே, அதன் முதல் வடிவம் அதுதான். அதாவது உலகின் முதல் அவுட்போர்டு எஞ்சின், எண்ணெயில் அல்ல, மின்சாரத்தில் ஓடியது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏற்றி இறக்கின. லண்டனின் தேம்ஸ் நதிக்கரையில் மின்படகுகளுக்கு சார்ஜ் ஏற்றும் நிலையங்கள் இருந்தன. இதெல்லாம் டீசலின் முதல் வெற்றிகரமான எஞ்சின் சோதிக்கப்பட்ட 1897க்கு முந்தைய கதை.

அப்புறம் ஏன் மின்படகு தோற்றது? பேட்டரியின் எடையால். ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் அளவுக்கு சக்தி இருக்கிறது. (வீட்டு மின்கணக்கில் வருகிற அதே யூனிட்தான்.) எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கிவிட்டு மூன்று, மூன்றரை யூனிட்டைத் தண்டுக்குத் தருகிறது. அப்படித் தந்தாலும், அதே வேலைக்கு அந்தக் காலத்து ஈய பேட்டரி ஒரு ஆள் எடைக்கு மேல் வேண்டும். டீசல் திறமையான எஞ்சின் என்பதைவிட டீசல் எடை குறைந்த எரிபொருள் என்பதே அதன் உண்மையான பலம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டீசல் எஞ்சின் பொருத்தி ஓடிய ஆரம்பகாலக் கப்பல்களில் ஒன்று, 1903இல் வோல்கா ஆற்றில் எண்ணெய் சுமந்த 'வாண்டல்'. அன்றைய டீசல் எஞ்சின் ஒரே திசையில்தான் சுழலும், பின்னோக்கிப் போகத் தெரியாது. அதனால் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்ற, அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார்தான் விசிறியைச் சுற்றியது. டீசல் கப்பலுக்குள் வந்தபோதே மின்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது.

1912இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குக் கிளம்பியது. கடல் கடந்த பெரிய டீசல் கப்பல்களின் வரிசை இங்கேதான் தொடங்குகிறது. வழியில் லண்டனில் நின்றபோது, அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் ஏறிப் பார்த்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் உறுத்திய விஷயம், அந்தக் கப்பலுக்குப் புகைபோக்கி இல்லை. இன்னொன்றும் இல்லை: கரி அள்ளிப் போடுகிற ஆட்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கப்பல்களில் உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தவர்களில் பலர் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட நம் துணைக்கண்டத்து ஏழைகள். எஞ்சின் மாறும்போது முதலில் மாறுவது யாருடைய வேலை என்பதை அந்தக் கப்பலே சொல்லிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

*

நம் கரைக்கு டீசல் பெரிய அளவில் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் ஒரு ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷம் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மீனவர்களுக்கு எஞ்சின் வைத்த படகு, ஐஸ் தொழிற்சாலை, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி என்று நல்லெண்ணத்தோடு வந்த திட்டம். ஆனால் வரலாறு திட்ட அறிக்கையைப் படிப்பதில்லை. 1960களில் வெளிநாடுகளில் இறாலுக்கு விலை ஏறியதும், எஞ்சின் படகு இழுவலையோடு கைகோத்தது. எஞ்சினுக்கு முதல் போட முடிந்தவர்கள் கடலுக்குள் வந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை மீனே பிடிக்காதவர்கள்.

தமிழ்நாட்டிலும் அதே கதைதான். கட்டுமரக்காரரின் வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகும். கரையில் மோதல் வெடிக்கும், படகு எரியும். 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது, கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு, விசைப்படகு அதற்கு அப்பால் என்று கோடு கிழித்தார்கள். கடலில் கோடு எங்கே தெரியும்? ஆனாலும் அந்தக் கோடு ஒரு உண்மையை ஒப்புக்கொண்டது. எஞ்சின் என்பது வெறும் இயந்திரம் இல்லை. யார் எவ்வளவு தூரம் போகலாம், யார் மீனை யார் எடுக்கலாம் என்று தீர்மானிக்கிற விஷயம் அது.

*

இப்போது வைக்கம்.

தமிழ் வாசகருக்கு வைக்கம் என்றால் கோயில் தெரு, சத்தியாகிரகம், பெரியார். 1924 ஏப்ரலில் பெரியாரும், 1925 மார்ச்சில் காந்தியும் அந்த ஊருக்குப் படகில்தான் வந்து இறங்கினார்கள். வேம்பநாட்டுக் காயல் ஓரத்து ஊருக்குப் படகுதான் பஸ். வைக்கம் கோட்டயம் மாவட்டத்தில், எதிர்க்கரை தவணக்கடவு ஆலப்புழை மாவட்டத்தில். இடையே சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தண்ணீர். கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். நாளைக்கு 22 நடை. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிற பெண்கள். ஓடியது டீசல் படகு. ஒரு படகு ஒரு நாளைக்குக் குடித்தது சுமார் 120 லிட்டர்.

நம்மில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லக்கூடிய யோசனை இதுதான்: டீசல் எஞ்சினைக் கழற்று, மோட்டாரை மாட்டு, டாங்க் இருந்த இடத்தில் பேட்டரியை வை, கூரையில் சோலார் தகடு போடு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 லிட்டர் டீசல் என்றால் 1200 யூனிட் சக்தி. சும்மா நிற்கும்போது எரிவது, குறைந்த சுமையில் வீணாவது எல்லாம் கழித்து, கால் பங்குதான் விசிறிக்குப் போனது என்று வைத்தாலும் 300 யூனிட். படகின் கூரையில் அதிகபட்சம் 20 கிலோவாட் தகடுகள் பொருத்தலாம். அது நல்ல வெயில் நாளில் தருவது 80 யூனிட் சொச்சம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்துக்கு பேட்டரி என்றால், அந்த எடையே படகை இன்னும் ஆழமாக அமிழ்த்தும். ஆழமாக அமிழ்ந்த படகுக்கு இன்னும் அதிக சக்தி வேண்டும். அதற்கு இன்னும் பேட்டரி. வால் தன்னையே விழுங்குகிற பாம்பு.

'நவால்ட்' என்ற கொச்சி நிறுவனம் இந்த வழியில் போகவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்த சந்தித் தண்டாசேரி, பிரெஞ்சு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் எஞ்சினை மாற்றவில்லை, படகையே மாற்றினார்கள். ஆதித்யா 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 75 பேர் உட்காரலாம். இரும்பு அல்ல, ஃபைபர் உடல். ஒரே கொழுத்த உடலுக்குப் பதிலாக இரண்டு ஒல்லியான உடல்கள், மேலே ஒரு தளம். ஒல்லியான உடல் தண்ணீரைக் குறைவாகத் தள்ளும், அலையைக் குறைவாக எழுப்பும். அலை எழுப்புவதற்குச் செலவாகிற சக்தி நமக்குக் கணக்கிலேயே தெரியாமல் போகிற காசு. இரட்டை உடல் அகலமாக இருப்பதால் எளிதில் சாயவும் சாயாது. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு கவிழ்ந்து 29 பேர் செத்த காயல் இது. சாயாமை அங்கே வசதி இல்லை, உயிர்.

அடுத்தது வேகம். படகுக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் சக்தி எட்டு மடங்கு. மாறாக, கால் பங்கு வேகத்தைக் குறைத்தால் பாதிக்கும் குறைவான சக்தி போதும். இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்தில் அதனால் இழப்பது சில நிமிஷம்தான். ஆதித்யாவின் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 40 கிலோவாட். அவசரத்துக்குத்தான் முழுசும். சாதாரண ஓட்டத்துக்கு 16 என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு கால் மணி நேரம், 22 நடைக்கு ஐந்தரை மணி நேரம். 88 யூனிட். கூரையிலிருந்து வருவது 80 சொச்சம். பேட்டரி 50 யூனிட். குறைவதை இரவில் கரை மின்சாரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கும் அதே ஏற்பாடு. கணக்கு உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். 300 யூனிட் 88 ஆனது சூரியனால் இல்லை. உடலை மெலிய வைத்ததால், அவசரத்தைக் குறைத்ததால். சூரியன் வந்தது அதற்கப்புறம். 'சூரியப் படகு' என்று நாம் கொண்டாடுவதில் பாதிக்கு மேல் சூரியனுக்குச் சம்பந்தமில்லாத சிக்கனம். நீங்கள் பழைய படகிலேயே எஞ்சினை மட்டும் மாற்றியிருந்தால் தோற்றிருப்பீர்கள். தோற்ற பிறகு, 'சோலாரெல்லாம் நம்ம ஊருக்குச் சரிவராது' என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

இரட்டை உடல் படகை உலகம் 'கேட்டமரான்' என்கிறது. வார்த்தை நம் கட்டுமரம்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு போனது. பிறகு அது ஐரோப்பாவில் இரட்டை உடல் படகுக்குப் பெயராகிவிட்டது. நம் கட்டுமரம் அப்படிப்பட்டதல்ல. மரங்களைச் சேர்த்துக் கட்டியது. பெயர் மட்டும் உலகம் சுற்றி, பொருள் மாறி, டீசலை இறக்கும் வேலைக்காக வைக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைத் தந்தவர்களின் கட்டுமரங்களைத் துரத்தியதும் டீசல்தான்.

*

எஞ்சினை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றுகிற வழியும் உண்டு. அது எங்கள் மலையிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவை. பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிற அந்த எஞ்சின்கள் கரியில் ஓடின. பிறகு எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை அதே அச்சில் எண்ணெயில் ஓடும் புது நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தது. குன்னூருக்கு மேலே பல்சக்கரம் தேவையில்லை, டீசல் எஞ்சின் இழுத்துக்கொண்டு போகும். செங்குத்தான பகுதியில் மட்டும் பழைய உடல் அப்படியே நின்றது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அந்த உடலைத்தான்.

மலை ரயிலில் காப்பாற்ற வேண்டியது உடல், அதனால் எரிபொருள் வளைந்துகொடுத்தது. வைக்கத்தில் காப்பாற்ற வேண்டியது பயணம், அதனால் உடல் வளைந்துகொடுத்தது. எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது.

வைக்கத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, 2015இல், நார்வேயில் 'ஆம்பியர்' என்ற கார் ஏற்றும் படகு முழுக்க பேட்டரியில் ஓடத் தொடங்கியிருந்தது. 120 கார் ஏற்றும். அதுவும் இரட்டை உடல்தான், அதுவும் எடை குறைக்க அலுமினியத்தில் செய்ததுதான். இரண்டு கரையிலும் இருந்த கிராமங்களின் மின்கம்பி அவ்வளவு சக்தியை ஒரேயடியாகத் தாங்காது. அதனால் கரையிலும் பேட்டரி வைத்தார்கள். படகு போய் வருவதற்குள் அது மெதுவாக நிரம்பிக்கொள்ளும். நீண்டகரைக்கு எஞ்சின் கொண்டுவந்த அதே நார்வே. இரண்டு நாடும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமல், ஒரே கணக்கிலிருந்து ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள் என்பதே அந்த விடை சரி என்பதற்குச் சாட்சி. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது ஓடியவையும் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய இரட்டை உடல் மின்படகுகள்தான்.

*

அப்படியென்றால் ராமேஸ்வரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் எப்போது?

கணக்கு இங்கே கைவிரிக்கிறது. 100 குதிரைத்திறன் விசைப்படகு பன்னிரண்டு மணி நேரம் வலை இழுத்தால் 900 யூனிட். இன்றைய லித்தியம் பேட்டரியில் அதற்கு ஆறு டன் வேண்டும். மீன் எங்கே வைப்பது? ஆனால் 10 குதிரைத்திறன் அவுட்போர்டு வைத்துக் கரையோரம் நாலு மணி நேரம் போய் வருகிற ஃபைபர் படகுக்கு 30 யூனிட், சுமார் 200 கிலோ பேட்டரி. கனம்தான். ஆனாலும் நினைத்துப் பார்க்க முடிகிற கனம். எண்ணெய் விலைக்குப் பாதி உழைப்பைக் கொடுக்கிறவர் அந்தச் சின்னப் படகுக்காரர்தான். கரையோரத்தில் அவருக்கென்று சட்டம் ஒதுக்கிய கடல் இருக்கிறது. அந்தத் தூரமும் பேட்டரியின் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய தற்செயல். முதலில் பேட்டரி யாருக்கு மானியத்தில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1960களில் எஞ்சின் முதல் போட முடிந்தவரிடம் போனது. பேட்டரியும் அப்படியே போனால், புகை இருக்காது, மற்றதெல்லாம் பழைய கதை.

கடைசியாக, செலாண்டியாவில் விட்ட இடம். கேரளத்துப் பழைய பயணிப் படகில் முன்னால் நின்று சக்கரம் பிடிப்பவர் ஸ்ராங்கு. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் டிரைவர். டிரைவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணி அடிப்பார். அந்த மணியின் எண்ணிக்கையைக் கேட்டு டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னுக்கு எடுப்பார். ஒருவர் கண், ஒருவர் காது, நடுவில் ஒரு கயிறு. இரண்டு பேருக்கு நடுவே இத்தனை வருஷம் ஓடிய ஒரு மொழி அது. மின்படகில் வேகக் கைப்பிடி சக்கரம் பிடிப்பவர் பக்கத்திலேயே இருக்கிறது. மணி வேண்டாம். எஞ்சின் சத்தத்தை வைத்தே 'இஞ்செக்டர் அடைச்சிருக்கு' என்று சொல்லும் மெக்கானிக்கின் காதும் வேண்டாம்.

கரி அள்ளியவர்களுக்கு செலாண்டியா ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை அப்படியே கரையில் விட்டுவிட்டுப் போனது. அந்த வேலை நரகம், அது போனதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அதில் இருந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது, யாரும் கேட்கவில்லை. இந்த முறை நேரம் இருக்கிறது. படகுத்துறைகளில் இன்னும் பெரும்பாலும் டீசல்தான் ஓடுகிறது. டிரைவரும் மெக்கானிக்கும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பேட்டரியையும் மோட்டாரையும் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் இப்போதே தொடங்கலாம். உடலின் எடையைக் கிராம் கிராமாகக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு, அதையும் படகு கட்டுகிற செலவிலேயே சேர்த்து எழுதுவது கஷ்டம் இல்லை.